நிலநடுக்க மீட்புக்குக் கடல் தாண்டிப் போனவர்களை எப்படிக் கௌரவிப்பது?

கேள்வி இது: "வேறொரு நாட்டில் நிலநடுக்கம் வந்தால் ராணுவத்தையும் மீட்புப் படையையும் அனுப்புகிறார்கள். திரும்பி வந்ததும் பாராட்டு விழா, பதக்கம், மாலை மரியாதை. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலைக்கு இவ்வளவு தேவையா? இதற்கு முறை என்று ஏதாவது உண்டா, இல்லை அந்த நேரத்து உணர்ச்சிதானா?"

முறை உண்டு. நூறாண்டுக்கு மேல் பழையது. அதில் ஓட்டைகளும் உண்டு. சம்பளக் கேள்விக்குச் சற்றுப் பிறகு வருகிறேன். அங்கே போய் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

1908 டிசம்பர் 28, விடியற்காலை. இத்தாலியின் மெசினா நகரம் ஒரு நிமிடத்துக்குள் இடிந்து விழுந்தது. பின்னாலேயே கடல் எழுந்து வந்தது. சிசிலித் தீவில் அகஸ்தா துறைமுகத்தில் ரஷ்யக் கடற்படையின் பயிற்சிக் கப்பல்கள் நங்கூரமிட்டிருந்தன. அதிகாரிகளாவதற்காகப் பயிற்சியில் இருந்த இளைஞர்கள் நிறைந்த கப்பல்கள். செய்தி கிடைத்ததும் புறப்பட்டு மறுநாள் காலை மெசினா வந்து சேர்ந்தார்கள். மண்வெட்டியும் கையுமாகத் தோண்டினார்கள். காயம்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றி வேறு துறைமுகங்களுக்குக் கொண்டுபோனார்கள். பிரிட்டிஷ் கப்பல்களும் வந்தன. இத்தாலி அரசு ஓரிரு ஆண்டுகளுக்குள் இதற்கென்று ஒரு நினைவுப் பதக்கத்தை உருவாக்கி, உதவிக்கு வந்த வெளிநாட்டு மாலுமிகளுக்கும் கொடுத்தது. நான் அறிந்தவரை, ஒரு நிலநடுக்கத்துக்காகவே அச்சடித்து அந்நியப் படைக்குக் கொடுத்த பதக்கங்களில் மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்று. மெசினாவில் ரஷ்ய மாலுமிகளுக்குச் சிலை நின்றதோ 2012இல். பதக்கத்துக்கு ஓரிரு ஆண்டு, சிலைக்கு நூற்று மூன்று. அரசுகளின் நன்றி எந்த வேகத்தில் நகரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்று இந்த மரியாதை இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. அனுப்பிய நாடு தன் ஆட்களுக்குச் செய்வது ஒன்று. உதவி பெற்ற நாடு அந்நியர்களுக்குச் செய்வது இன்னொன்று. இரண்டுக்கும் சட்டதிட்டம் வேறு வேறு.

அமெரிக்காவில் 1977 ஜனவரியில், அதிபர் ஃபோர்டு பதவியிலிருந்து இறங்குவதற்குச் சரியாக ஒரு நாள் முன்பு, 'மனிதநேயச் சேவைப் பதக்கம்' என்ற ஒன்றை ஏற்படுத்தினார். போரில் சுட்டதற்காக இல்லாமல், பேரிடரில் உதவியதற்காக ராணுவத்தினருக்குக் கொடுப்பது. 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்கும் 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்கும் போனவர்களுக்கு இது கிடைத்தது. நிபந்தனை ஒன்று உண்டு: குறிப்பிட்ட இடத்தில் நேரில் இருந்திருக்க வேண்டும், உதவிப் பணியில் நேரடியாகப் பங்கெடுத்திருக்க வேண்டும். தலைமையகத்தில் உட்கார்ந்து கோப்பு நகர்த்தியவருக்குக் கிடையாது. ஆஸ்திரேலியா 1999இல் 'வெளிநாட்டு மனிதநேயச் சேவைப் பதக்கம்' ஏற்படுத்தியது. பிரிட்டன் இதே போன்ற ஒன்றுக்கு 2023 வரை காத்திருந்தது. இந்தியாவில் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 23 அன்று அறிவிக்கப்படும் சுபாஷ் சந்திர போஸ் பேரிடர் மேலாண்மை விருது 2024இல் ராணுவத்தின் 60ஆவது பாராசூட் கள மருத்துவமனைக்குக் கிடைத்தது. தனி ஆளுக்குக் கொடுக்காமல் ஒரு பிரிவு முழுவதற்கும் கொடுத்தது எனக்குப் பிடித்திருந்தது. அறுவை சிகிச்சை மேசையில் நிற்கும் ஒருவருக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓட்டுபவர் முதல் துணி கொதிக்கவைப்பவர் வரை எத்தனை பேர் என்று அந்த மாதிரி மருத்துவமனை ஒன்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஓட்டை இங்கேதான். மேலே சொன்ன அமெரிக்கப் பதக்கம் படைத்துறையினருக்கு மட்டும். ஆனால் வெளிநாட்டு நிலநடுக்கத்துக்கு அமெரிக்கா பல காலமாக அனுப்பிவந்த தேடல் மீட்புக் குழுக்கள் யார்? வர்ஜீனியாவின் ஃபேர்ஃபேக்ஸ் கவுன்டி, கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டி தீயணைப்புத் துறையினர். 2023 நிலநடுக்கத்தில் துருக்கியின் அதியமான் நகர இடிபாடுகளில் நின்றவர்கள் அவர்கள்தான். (ஆம், நம் காதில் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவர் பெயர்போல விழும் ஊர்ப்பெயர், துருக்கியர் உச்சரிப்பு சற்று வேறு.) ஒரே இடிபாட்டில் ஒருவர் கான்கிரீட்டை அறுக்க, இன்னொருவர் அதே இடத்துக்கு ஹெலிகாப்டரில் தண்ணீர் கொண்டுவர, சீருடையின் நிறத்தை வைத்து ஒருவருக்குத் தேசியப் பதக்கமும் மற்றவருக்கு ஊராட்சி மன்றத்தின் பாராட்டுத் தாளும் கிடைப்பது கணக்கில் சரியாக வருவதில்லை. பிரிட்டன் தாமதமாக ஆரம்பித்ததில் ஒரு லாபம், இந்தப் பிழையைத் தவிர்த்தது. அதன் பதக்கம் படையினர், அரசு ஊழியர், அரசுக்காகப் போகும் தொண்டு அமைப்பினர் எல்லோருக்கும் பொது.

உதவி பெற்ற நாடு செய்யும் மரியாதை பெரும்பாலும் வேகமாக வரும், கொஞ்சம் அரசியல் கலந்தும் வரும். 2005 அக்டோபர் 8 நிலநடுக்கத்துக்குப் பின் பாகிஸ்தான் உதவியவர்களுக்கு விருது வழங்கியபோது அதற்குத் தேர்ந்தெடுத்த சொல் 'ஈஸார்': தன்னைவிடப் பிறரை முன்னிறுத்தும் குணம். வீரம் என்றோ சேவை என்றோ சொல்லாமல் இந்தச் சொல்லைப் பிடித்தவர் யாராக இருந்தாலும் அவர் விஷயம் தெரிந்தவர். 2023க்குப் பின் துருக்கியும் உள்நாட்டு, வெளிநாட்டு மீட்புக் குழுக்களுக்கு அரசின் தியாகப் பதக்கத்தை வழங்கியது.

இந்த வெளிநாட்டுப் பதக்கத்தை வாங்கி உடனே சட்டையில் குத்திக்கொள்ள முடியாது என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்க அரசியலமைப்பின்படி அரசுப் பதவியில் இருப்பவர் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் அந்நிய அரசிடம் பரிசு பெறக் கூடாது. 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதற்கு வழி செய்து கொடுத்திருக்கிறது. பிரிட்டனில் அரசரின் அனுமதி வேண்டும். இந்திய அரசியலமைப்பின் 18ஆவது பிரிவு அந்நிய நாட்டுப் பட்டங்களைத் தடுக்கிறது. ஊதியம் பெறும் அரசுப் பதவியில் இருப்பவர் குடியரசுத் தலைவரின் இசைவில்லாமல் அந்நிய அரசிடம் பரிசு எதுவும் ஏற்கக் கூடாது என்கிறது. நேற்று உதவிக்குப் போனவர் நாளை அந்த நாட்டுக்குக் கடன்பட்டவராகிவிடக் கூடாது என்ற பழைய எச்சரிக்கை.

இனி சம்பளக் கேள்வி.

ஆம், சம்பளம் வாங்குகிறார்கள். எதற்கு என்று பார்ப்போம். இடிந்த கட்டடத்தில் வேலை தொடங்கும்போது முதலில் சத்தம் நிறுத்தப்படும். எந்திரங்கள் அணைக்கப்படும், சுற்றி நிற்பவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். ஒருவர் இடுக்கில் வாய் வைத்துக் கூப்பிடுவார், தட்டுவார், காது கொடுப்பார். பதில் வந்தால் பல மணி நேர வேலை: கான்கிரீட்டைத் துளைக்க வேண்டும், மேலே இருப்பது சரியாமல் முட்டுக் கொடுக்க வேண்டும், ஓர் ஆள் ஊர்ந்துபோகும் அளவு வழி செய்து அதற்குள் போக வேண்டும். பின்னதிர்வு எப்போது வேண்டுமானாலும் வரும். 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியில் அதிகாலை 7.8 அளவில் ஒன்று. அன்று மதியமே 7.5 அளவில் இன்னொன்று. முதல் அதிர்வில் விரிசல் விட்டு நின்றவற்றில் பல இரண்டாவதில் விழுந்தன. அந்த மாதிரி இடுக்கில் மனமறிந்து தலையைக் கொடுப்பதற்கு எந்த ஊதியக் குழுவும் விலை வைக்கவில்லை. விலை வைக்க முடியாத பகுதிக்குத்தான் பதக்கம். அது சம்பளத்தின் மேல் போடும் போனஸ் என்று நினைப்பதால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது.

சுவரில் அவர்கள் எழுதும் குறிகளைப் பாருங்கள். ஐ.நா. ஒருங்கிணைக்கும் பன்னாட்டுத் தேடல் மீட்பு ஆலோசனைக் குழு வகுத்த முறை அது. ஆள் இருப்பதாகத் தெரிந்த இடத்தில் 'வி' என்ற ஆங்கில எழுத்தைப் பெரிதாக எழுதுவார்கள். அதன் கீழே 'எல்' போட்டு ஓர் எண், உயிரோடு இருப்பவர்கள். 'டி' போட்டு ஓர் எண், இறந்தவர்கள். ஒருவரை வெளியே எடுத்ததும் அந்த எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுத வேண்டும். கடைசியில் அந்தச் சுவரில் அடித்தல் திருத்தலாக ஒரு கணக்கு நிற்கும். மொழி தெரியாத அடுத்த குழு வந்தாலும் படித்துக்கொள்ளும். விழா மேடையில் வாசிக்கப்படும் எந்தப் பாராட்டுரையையும்விட அந்தச் சுவர்தான் துல்லியம் என்பது என் கட்சி. மரியாதை செய்வது என்றால் முதலில் யார் என்ன செய்தார் என்பதைச் சரியாக எழுதிவைப்பதுதான். பொதுமக்கள் மனத்தில் நிற்கும் கணக்கு அப்படி இருப்பதில்லை. அது தொலைக்காட்சிக் கணக்கு: எத்தனை பேரை உயிரோடு எடுத்தார்கள்?

இந்த அளவுகோல் எவ்வளவு தவறு என்பதற்குச் சில எண்கள். 2010 ஜனவரி 12 ஹெய்ட்டி நிலநடுக்கத்தில் உலகம் முழுவதிலுமிருந்து வந்த குழுக்கள் உயிரோடு மீட்டவர்கள் 130 பேருக்குச் சற்று மேல். 2015 ஏப்ரல் 25 நேபாள நிலநடுக்கத்தில் வெளிநாட்டுக் குழுக்கள் எல்லாம் சேர்ந்து மீட்டது இருபது பேருக்கும் குறைவு. 2023இல் துருக்கி போன இந்தியாவின் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் 150 பேருக்கு மேல். உயிரோடு எடுத்தது இரண்டு சிறுமிகளை, உடல்களாக எடுத்தது 85 பேரை. காரணம் திறமைக் குறைவு அல்ல, நேரம். இடிபாட்டில் சிக்கியவர்களில் பிழைப்பவர்களைப் பெரும்பாலும் முதல் நாளிலேயே அக்கம்பக்கத்தார் கடப்பாரையும் கையுமாக எடுத்துவிடுவார்கள். விமானம் ஏறி வருபவர்களுக்கு மிஞ்சுவது, கையால் எடுக்க முடியாத கடினமான சில இடங்களும் ஏராளமான உடல்களும். 85 உடல்களை எடுத்துக் கொடுப்பது 85 குடும்பங்களுக்கு அடக்கம் செய்ய ஓர் உடல் கிடைப்பது. இதைப் பாராட்டுரையில் சொல்லத் தயங்குகிறார்கள். சொல்ல வேண்டும்.

2008 மே மாதம் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் ஜப்பானியக் குழு ஒன்று இதைச் சொற்கள் இல்லாமல் சொல்லிவிட்டது. சிங்சுவானில் பல மணி நேரம் தோண்டியபின் அவர்களுக்குக் கிடைத்தது ஓர் இளம் தாயும் அவளுடைய கைக்குழந்தையும், இருவரும் சடலமாக. குழுவினர் இரு வரிசையாக நின்று தலைகுனிந்து அஞ்சலி செலுத்தினார்கள். அந்தப் புகைப்படம் சீனா முழுவதும் பரவியது. அந்தப் பயணத்தில் அவர்கள் ஒருவரைக்கூட உயிரோடு மீட்கவில்லை. ஆனால் போர்க்கால நினைவுகள் ஆறாத ஒரு நாட்டில் அந்த ஒரு நிமிடம் செய்ததைத் தூதர்கள் பல ஆண்டுகள் முயன்றும் செய்ததில்லை. உயிர்க் கணக்கை மட்டும் பார்த்துப் பதக்கம் கொடுப்பதென்றால் இந்தக் குழுவுக்குப் பூஜ்யம்.

யாரைக் கணக்கில் சேர்க்கிறோம் என்பதும் இதைச் சேர்ந்ததுதான். ஹெய்ட்டியில் போர்ட்-ஓ-பிரின்ஸ் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் செயலிழந்துவிட்டது. அமெரிக்க விமானப்படையின் சிறிய குழு ஒன்று வந்திறங்கி, ஓடுபாதை ஓரத்துப் புல்வெளியில் ஒரு மடக்கு மேசையைப் போட்டு, வானொலிக் கருவிகளை வைத்துக்கொண்டு அரை மணி நேரத்துக்குள் விமானங்களை இறக்கத் தொடங்கியது. ஒரே ஓடுபாதை, நூற்றுக்கணக்கான விமானங்கள். அவர்கள் ஒரு கல்லைக்கூடப் புரட்டவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் கல்லைப் புரட்ட வந்தவர்கள் தரையிறங்கியிருக்க முடியாது. அந்தக் குழுவை வழிநடத்திய டோனி டிராவிஸ் அந்த ஆண்டு டைம் இதழின் செல்வாக்கு மிக்க நூறு பேர் பட்டியலில் இடம்பெற்றார். கணக்கைச் சரியாக எழுதுவதென்றால் மறுபக்கத்தையும் எழுத வேண்டும்: எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, தன் மருத்துவச் சரக்கு விமானங்கள் இறங்க அனுமதி கிடைக்காமல் அண்டை நாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டதாக அப்போதே முறையிட்டது. யாரை முதலில் இறக்குவது என்ற முடிவு மேசையில் இருந்தவர்கள் மட்டும் எடுத்ததல்ல. பாராட்டும் இந்த முறையீடும் ஒரே பக்கத்தில் இருக்கலாம், தவறில்லை.

இந்தியக் குழு 2023இல் கிளம்பியபோது இன்னொரு வகை ஆட்கள் கண்ணில் படாமல் போனார்கள். மீட்புப் படையினரில் பலரிடம் கடவுச்சீட்டே இல்லை. ஒரே இரவில் நூற்றுக்கும் மேற்பட்ட கடவுச்சீட்டுகளைத் தயார் செய்துகொடுத்தார்கள் அலுவலக ஊழியர்கள். எனக்கு அதிகாரம் இருந்தால் அந்த எழுத்தர்களையும் மேடையில் ஏற்றுவேன். அந்தக் குழுவில்தான் முதல்முறையாகப் பெண் வீரர்கள் ஐவர் வெளிநாட்டு மீட்புக்குப் போனார்கள். கூடவே மோப்ப நாய்கள்.

நாய்கள் என்றதும் மக்களுக்கு மனம் இளகிவிடுகிறது. மெக்சிகோ ராணுவத்தின் புரோத்தியோ என்ற நாய் துருக்கி இடிபாடுகளில் வேலை செய்யும்போது 2023 பிப்ரவரியில் இறந்தது. மெக்சிகோ ராணுவம் அதற்கு அணிவகுப்பு மரியாதை செய்தது. துருக்கி நன்றியாக ஒரு நாய்க்குட்டியை மெக்சிகோவுக்கு அனுப்பியது. அதன் பெயர் 'அர்கதாஷ்', துருக்கி மொழியில் நண்பன். அழகான செயல்தான். புரோத்தியோவின் பெயர் தெரிந்த பலருக்கு அதன் கயிற்றைப் பிடித்திருந்த வீரரின் பெயர் தெரியாது என்பதை மட்டும் ஓரமாகச் சொல்லிவைக்கிறேன்.

உயிரைக் கொடுத்தவர்கள் விஷயத்தில் சரியான கணக்கு என்பது இன்னும் கனமானது. 2005 மார்ச் 28 அன்று இந்தோனேசியாவின் நியாஸ் தீவில் 8.6 அளவில் நிலநடுக்கம். சுனாமிக்குப் பின் அச்சேவில் மாதக்கணக்கில் வேலை செய்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த ஆஸ்திரேலியக் கடற்படைக் கப்பல் கனிம்ப்லா, சிங்கப்பூர் வரை வந்தது மறுபடி அனுப்பப்பட்டது. ஏப்ரல் 2 அன்று அதிலிருந்து கிளம்பிய சீ கிங் ஹெலிகாப்டர் ஒரு கிராமத்து விளையாட்டு மைதானத்தில் இறங்கும்போது விழுந்து எரிந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள், இருவர் பிழைத்தார்கள். அப்போது ஆஸ்திரேலியாவுக்கு அரசு முறைப் பயணம் வந்திருந்த இந்தோனேசிய அதிபர் யுதயோனோ, சவப்பெட்டிகள் சிட்னி வந்து சேர்ந்தபோது நேரில் நின்றார். இறந்தவர்களுக்கு இந்தோனேசியா பதக்கம் வழங்கியது.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் வசதி. முடியவில்லை. விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டு, அதன் அறிக்கை 2007இல் வெளிவந்தது. ஹெலிகாப்டரின் கட்டுப்பாட்டு இணைப்பு ஒன்றில் ஒரு நட்டும் அதைப் பூட்டும் பின்னும் சரியாகப் பொருத்தப்படாமல் இருந்தன. அந்த இணைப்பு கழன்றுவிட்டது. அது ஒரு மெக்கானிக்கின் கைத்தவறாக மட்டும் இல்லை, அந்தப் படைப்பிரிவின் பராமரிப்புப் பழக்கமே பல ஆண்டுகளாகச் சீர்கெட்டிருந்தது என்று அறிக்கை சொன்னது. 'கடமையில் உயிர் நீத்தார்கள்' என்று கல்லில் பொறித்துவிட்டு நட்டைப் பற்றிப் பேசாமல் இருந்திருக்கலாம். அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்த மரியாதைகளில் எதை முதலில் வைப்பீர்கள் என்று என்னைக் கேட்டால், பதக்கத்துக்கு முன்னால் அந்த அறிக்கையை வைப்பேன்.

நேபாளத்தில் 2015 மே 12 அன்று, 7.3 அளவில் இரண்டாவது பெரிய அதிர்வு வந்த அதே நாளில், நிவாரணப் பணியில் இருந்த அமெரிக்க மரைன் படை ஹெலிகாப்டர் ஒன்று மலையில் மோதியது. இறந்தவர்கள் எட்டுப் பேர். 'ஆறு மரைன்கள்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள் உண்டு. மீதி இருவர் நேபாள ராணுவ வீரர்கள். 1988 டிசம்பரில் ஆர்மீனியாவின் ஸ்பிட்டாக் நிலநடுக்கத்தின்போது அடுத்தடுத்த நாட்களில் இரண்டு நிவாரண விமானங்கள் விழுந்தன: ஒன்றில் சோவியத் வீரர்கள் எழுபதுக்கும் மேற்பட்டோர், மற்றதில் யூகோஸ்லாவிய விமானப்படையினர் ஏழு பேர். ஆர்மீனியர்கள் அந்த எழுவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அவர்களை அனுப்பிய யூகோஸ்லாவியா என்ற நாடுதான் இன்று வரைபடத்தில் இல்லை. மெக்சிகோவின் 1985 அனுபவமும் ஸ்பிட்டாக்கின் குழப்பமும் சேர்ந்துதான், நான் மேலே சொன்ன பன்னாட்டுக் குழு 1991இல் உருவாகக் காரணம்.

திரும்பி வந்தவர்களின் பின்னாளைய வாழ்க்கைக்கு வருவோம். 2011இல் ஜப்பான் கடலோரத்தில் 'தோமோதாச்சி' என்ற நிவாரண நடவடிக்கையில் இருந்த அமெரிக்கப் போர்க்கப்பல் ரொனால்ட் ரீகனின் மாலுமிகள் பலர், ஃபுக்குஷிமா அணு உலையிலிருந்து வந்த கதிர்வீச்சால் நோயுற்றோம் என்று வழக்குத் தொடுத்தார்கள். அமெரிக்க நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளுபடி செய்தன. கதிர்வீச்சுக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்பது சர்ச்சைதான். ஆனால் ஜப்பானின் முன்னாள் பிரதமர் கொய்சுமி 2016இல் கலிஃபோர்னியா போய் அந்த மாலுமிகளில் சிலரைச் சந்தித்துக் கண்ணீர்விட்டார். அவர்களுக்காக நிதி திரட்டினார். 'தோமோதாச்சி' என்றால் நண்பன். அந்தப் பெயரை மறக்காதவர் அவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

விழாவில் அரசியல் கலப்பதை முழுவதும் தவிர்க்க முடியாது. கலப்பு எப்போதும் கெடுதலும் அல்ல. 1999 ஆகஸ்டில் துருக்கியில் நிலநடுக்கம் வந்தபோது, போரின் விளிம்பு வரை போய்வந்த பகை நாடான கிரீஸின் மீட்புக் குழு வந்தது. துருக்கிப் பத்திரிகை முதல் பக்கத்தில் கிரேக்க மொழியில் நன்றி சொன்னது: 'எஃப்ஹரிஸ்தோ போலி, ஃபிலே' — மிக்க நன்றி, நண்பா. மூன்று வாரத்தில் ஏதென்ஸ் குலுங்கியது. துருக்கியின் தன்னார்வக் குழு அங்கே போய் நின்றது. உறவு உடனே இனித்துவிடவில்லை என்றாலும் பேச்சுவார்த்தைக்குக் கதவு திறந்தது.

கெடுதலான கலப்பு எதுவென்றால், உதவி பெற்றவனின் துக்க வீட்டிலேயே அனுப்பியவன் தன் புகழ் பாடுவது. 2015இல் நேபாளத்தில் இந்திய மீட்புப் படையினர் முதலில் போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர். நன்றாகவே வேலை செய்தார்கள். ஆனால் கூடப் போன சில இந்தியத் தொலைக்காட்சிகளின் ஆரவாரம் நேபாளிகளைப் புண்படுத்தி, 'இந்திய ஊடகமே வீட்டுக்குப் போ' என்ற முழக்கம் சமூக வலைத்தளங்களில் பரவியது. களைத்துப்போயிருந்த வீரர்களுக்கு இதில் பங்கே இல்லை. அவர்களுடைய பெயரில் விழுந்த கறை அது. வெளிநாட்டு ராணுவ உதவியைப் பற்றிய ஆஸ்லோ நெறிமுறைகள் 1994 முதலே, பாதிக்கப்பட்ட நாடு கேட்டால் அல்லது இசைந்தால்தான் போக வேண்டும், கட்டணமின்றிச் செய்ய வேண்டும், உள்ளூர் நிர்வாகத்தின் ஒருங்கிணைப்புக்கு உட்பட வேண்டும் என்கின்றன. புகைப்படம் எடுப்பதைப் பற்றி அவற்றில் ஒன்றும் இல்லை. சேர்த்திருக்கலாம்.

துருக்கியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இந்திய மீட்புக் குழுவில் சைவ உணவுக்காரரான ஓர் அதிகாரி இருந்தார். அந்தக் குளிரில், அந்த இடத்தில் அவருக்கு ஏற்ற சாப்பாடு கிடைப்பது பாடு. உள்ளூர்க்காரர் ஒருவர், அந்த நிலநடுக்கத்தில் மனைவியையும் பிள்ளைகளையும் இழந்தவர், இதைத் தெரிந்துகொண்டு, குழு எங்கே வேலை செய்தாலும் தேடி வந்து, ஓர் ஆப்பிளோ தக்காளியோ, உப்பும் மசாலாவும் தூவி, அவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார். இந்த மரியாதைக்கு ரிப்பன் கிடையாது, அரசிதழில் வராது.

அமைப்பு எதற்காவது இப்படி ஒரு பாராட்டு விழா ஏற்பாடு செய்யும் எண்ணத்தில்தான் கேட்டீர்கள் என்றால், நான் செய்யச் சொல்வது கொஞ்சம்தான். பெயர்ப் பட்டியலை முழுதாக வாங்குங்கள். சமையல்காரர், ஓட்டுநர், மொழிபெயர்ப்பாளர், நாய்ப் பயிற்றுநர் எல்லோர் பெயரும் இருக்க வேண்டும். அந்த நாட்டின் தூதரகத்திலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு, அவர்களுடைய உள்ளூர் மீட்பாளர்களைப் பற்றி முதலில் பேசச் சொல்லுங்கள். மீட்கப்பட்ட குழந்தையின் படத்தைப் பின்திரையாக மாட்டாதீர்கள். அந்தக் குழந்தை வளர்ந்து அதைப் பார்க்கும். குடும்பத்தாருக்கு முன்வரிசை கொடுங்கள். நாளைக் குறிப்பதற்கு முன்னால் அவர்களுடைய பிரிவுக்குப் போன் செய்து, ஆட்களுக்கு விடுப்பு கொடுத்தாயிற்றா, வீட்டுக்குப் போய்த் தூங்கினார்களா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் இன்னும் மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள்.